கார்ன்வாலில் ஒரு ஜானைத் தேடுவது

வாசகர் கேள்வி, 6 ஜனவரி 2024

என் பாட்டியின் அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்த வெள்ளைக்காரர். பெயர் ஜான். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலில் இருந்து வந்தவர் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். குடும்பப் பெயரோடு சேர்த்து இணையத்தில் தேடினேன். யாரோ போட்டு வைத்த வம்சாவளி மரம் ஒன்று கிடைத்தது, 1560 வரை போகிறது. பிறந்த ஆண்டும் ஏறக்குறையப் பொருந்துகிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

7 ஜனவரி

வேண்டாம். இப்போதைக்கு அந்த மரத்தை மூடி வையுங்கள்.

கார்ன்வாலில் பெயர் மட்டும் போதாது. ஆண்களுக்கு ஜான், வில்லியம், தாமஸ், ரிச்சர்ட், ஜேம்ஸ் என்று சில பெயர்களே திரும்பத் திரும்ப வரும். குடும்பப் பெயர்களில் பலவும் அவற்றிலிருந்தே வந்தவை: தாமஸ், வில்லியம்ஸ், ரிச்சர்ட்ஸ். மகனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் பழக்கம் அங்கேயும் உண்டு. அண்ணன் தம்பி நாலு பேர் என்றால் நாலு வீட்டிலும் அதே பெயரில் ஒரு பேரன் இருப்பான். ஒரே பங்கு, கிட்டத்தட்ட ஒரே வயது, பல சமயம் ஒரே சுரங்கம். (பங்கு என்று நான் சொல்வது ஒரு ஆலயத்தின் எல்லைக்குள் வரும் ஊர்கள் எல்லாம் சேர்ந்தது.)

நான் கார்ன்வாலின் சுரங்க ஊரான கேம்போர்ன் பக்கம் குடியிருக்கிறேன். கணவர் வீட்டார் வழிவழியாகச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். குவென்னாப் பங்கில் மாமியாரின் கொள்ளுத்தாத்தாவைத் தேடப் போனால், அதே பெயரில் ஒரு கூட்டமே இருந்தது. அதில் அவர் யார் என்று சொல்ல ஒரே வழிதான் உண்டு. மற்ற ஒவ்வொருவரும் யாரைக் கட்டினார், எங்கே போனார், எப்போது இறந்தார் என்று கணக்குத் தீர்க்க வேண்டும். கடைசியில் கணக்குத் தீராமல் நிற்பவர்தான் உங்கள் ஆள். இந்த வேலையைச் செய்யாத மரம் 1560 வரை போனாலும் 1066 வரை போனாலும் எனக்கு ஒன்றுதான்.

7 ஜனவரி, இரவு

தேடலைக் கார்ன்வாலில் தொடங்காதீர்கள், தங்கவயலில் தொடங்குங்கள். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களைச் சபைகள் லண்டனுக்கு அனுப்பிவந்தன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் (இந்தியாவைக் கவனித்த லண்டன் அரசுத் துறை) ஆவணங்களோடு இருக்கின்றன. வங்காளம், சென்னை, பம்பாய் என்று மூன்று வரிசை. உங்களுக்கு வேண்டியது சென்னை வரிசை. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தளத்தில் படங்களாகவே பார்க்கலாம், ஆனால் கட்டணம் உண்டு.

ஞானஸ்நானப் பதிவைவிடத் திருமணப் பதிவுதான் முக்கியம். அதில் மாப்பிள்ளையின் வயதும் அவர் அப்பாவின் பெயரும் இருக்கும். அப்பாவின் பெயர் கிடைக்காமல் கடல் தாண்டாதீர்கள்.

கோலாருக்கு ஏன் கார்ன்வால்காரர்கள் வந்தார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். 1880இல் அங்கே நிர்வாகத்துக்கு வந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனிக்குக் கார்ன்வால் பழைய களம். அந்தக் கம்பெனியின் மூதாதை ஜான் டெய்லர் 1819 முதல் குவென்னாப்பில் கன்சாலிடேட்டட் மைன்ஸ் என்ற செம்புச் சுரங்கத்தை நடத்தியவர். கீழே இறங்கத் தெரிந்த ஆட்களை எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும். 1866இல் செம்பு விலை சரிந்து கார்ன்வாலில் சுரங்கங்கள் வரிசையாக மூடியதும், கிளம்பத் தயாராக ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள்.

9 ஜனவரி

இன்னொருவர், "பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டால் முடிந்ததே" என்று எழுதியிருக்கிறார். எந்த ஜானின் சான்றிதழ்?

இங்கிலாந்தில் அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1ஆம் தேதி தொடங்கியது. ஆனால் 1874ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, பிள்ளை பிறந்ததைப் போய்ப் பதிய வேண்டும் என்று பெற்றோருக்குக் கட்டாயம் இல்லை. அதனால் முதல் சில பத்தாண்டுகளில் விடுபட்ட பிள்ளைகள் உண்டு. பதிவு இல்லை என்றால் பிறக்கவில்லை என்று பொருள் அல்ல.

பொதுப் பதிவு அலுவலகத்தின் இலவச அட்டவணையில் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கும் முன்பே இதை வைத்துப் பாதி ஜான்களைப் பிரித்துவிடலாம். அந்த இடத்தில் வெறும் கோடு இருந்தால் பெரும்பாலும் அம்மாவுக்குத் திருமணம் ஆகவில்லை என்று அர்த்தம். இறப்பு அட்டவணையில் வயது இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தையிலேயே இறந்த ஜான்கள் தெரிந்துவிடுவார்கள். மனசுக்குக் கஷ்டமான வேலைதான். சுரங்க ஊர்களில் அந்தப் பட்டியல் நீளம். ஒரு பிள்ளை போனதும் அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்த வீடுகளும் நிறைய. அப்போது ஒரே அம்மா அப்பாவுக்கே இரண்டு ஜான்கள் இருப்பார்கள்.

12 ஜனவரி

சென்சஸ் பற்றிக் கேட்டவருக்கு.

பெயர் வாரியாக இன்று பயன்படும் முதல் சென்சஸ் 1841. அதில் பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். வீட்டில் யாருக்கு யார் என்ன உறவு என்பதும் இருக்காது. 1851 முதல்தான் உறவு, வயது, பிறந்த பங்கு எல்லாம் வருகிறது. ஆகவே 1851ஐத் தூணாக வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் போங்கள்.

வயதை மட்டும் நம்பி யாரையும் விலக்காதீர்கள். கணவர் வழியில் ஒரு பாட்டிக்கு 1861க்கும் 1871க்கும் இடையில் ஏழு வயதுதான் கூடியிருக்கிறது. அதற்கடுத்த பத்தாண்டில் பதின்மூன்று. மாமியார் படித்துவிட்டு, "கடைசியில் கணக்கை நேர் செய்துவிட்டாள்" என்று சிரித்தார். பிறந்த ஊரும் இப்படித்தான் மாறும். குவென்னாப் பெரிய பங்கு. அதிலிருந்து செயின்ட் டே, லானர் போன்றவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனிப் பங்குகளாகப் பிரிந்தன. ஒரே ஆள் ஒரு தடவை குவென்னாப் என்பார், அடுத்த தடவை லானர் என்பார். இரண்டும் உண்மைதான்.

12 ஜனவரி, சிறு திருத்தம்

மேலே ஒருவர் 1931 சென்சஸ் 2032இல் வெளிவரும், காத்திருங்கள் என்கிறார். இங்கிலாந்து, வேல்ஸைப் பொறுத்தவரை வராது. அந்தப் படிவங்கள் 1942 டிசம்பரில் ஹேயஸில் ஒரு கிடங்கில் எரிந்துபோயின. குண்டுவீச்சில் அல்ல, சாதாரணத் தீ. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆக, 2022 ஜனவரியில் வெளிவந்த 1921 சென்சஸுக்கு அடுத்து 1951தான். நடுவில் கைகொடுப்பது 1939 செப்டம்பர் 29ஆம் தேதி எடுத்த தேசிய மக்கள் பதிவேடு ஒன்றே.

20 ஜனவரி

"பங்குப் பதிவேட்டில் ஞானஸ்நானமே இல்லை, ஆள் வெளியூரா?" என்று தனியே எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் பயன்படும் என்று இங்கேயே பதில் சொல்கிறேன்.

கார்ன்வால் சுரங்கப் பகுதி, இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்த மெதடிஸ்ட் சபையின் பூமி. அந்தச் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி குவென்னாப் குழியில் 1762 முதல் 1789 வரை பதினெட்டுத் தடவை பிரசங்கம் செய்திருக்கிறார். இன்றும் போய்ப் பார்க்கலாம். புல் மூடிய படிக்கட்டுகள் வட்டமாக இறங்கிப் போகும், உட்கார்ந்தால் எழுந்து வர மனசு வராது. வெஸ்லியன், பைபிள் கிறிஸ்டியன், பிரிமிட்டிவ் என்று பிரிவுகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு. அதிலும் சிற்றூர் சேப்பலில் (மெதடிஸ்ட்களின் சிறு ஆலயம்) நடந்த ஞானஸ்நானத்தை, பல ஊர்களை இணைத்த வட்டாரத்தின் பதிவேட்டில் எழுதுவார்கள். இல்லோகனில் பிறந்த பிள்ளை ரெட்ரூத் வட்டாரப் பதிவேட்டில் இருக்கலாம்.

திருமணத்துக்கு இது பொருந்தாது. 1754 முதல் 1837 வரை குவேக்கர்களும் யூதர்களும் தவிர மற்ற எல்லாரும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்தில்தான் மணம் முடிக்க வேண்டும் என்று சட்டம். சேப்பலுக்குப் போகிற குடும்பத்தின் கல்யாணமும் பங்கு ஆலயத்தில்தான் இருக்கும். பிள்ளைகளைக் காணோம், கல்யாணம் மட்டும் இருக்கிறது என்றால் சேப்பல் பக்கம் திரும்புங்கள்.

பதிவேடுகளைப் பெயர்த்தெழுதி இலவசமாகத் தேட விட்டிருக்கும் கார்ன்வால் இணையப் பங்கு எழுத்தர்கள் என்ற தன்னார்வலர்களுக்குப் பெரிய கும்பிடு. ஆனால் பெயர்த்தெழுதியதைப் பார்த்ததோடு நிறுத்தாமல் மூலப் படத்தையும் பாருங்கள். ஓரத்தில் குறிப்பு எழுதும் பழக்கம் சில குருமார்களுக்கு இருந்தது, அது எல்லா நகலிலும் ஏறியிருக்காது.

21 ஜனவரி

"கார்ன்வால் உயில்கள் எல்லாம் எக்ஸிடர் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. இதைப் பல இடங்களில் கேட்டுவிட்டேன். 1942 மே மாதம் பக்கத்து டெவனில் உள்ள எக்ஸிடரில் உயில் பதிவகம் எரிந்தது உண்மை. டெவன்காரர்களுக்கு அது பேரிழப்பு. ஆனால் கார்ன்வால் ஆர்ச்டீக்கன் (பிஷப்புக்கு அடுத்த நிலைத் திருச்சபை அதிகாரி) நீதிமன்றத்தில் நிரூபித்த உயில்கள் அங்கே இல்லை, அவை பிழைத்தன. இன்று ரெட்ரூத்தில் கிரெசன் கெர்னோ என்ற ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எக்ஸிடர் பிஷப்பின் நேரடி அதிகாரத்தில் இருந்த சில பங்குகளின் உயில்கள் போயின. உங்கள் பங்கு எந்த வகை என்று பாருங்கள், அதற்கு முன் கையை விரிக்காதீர்கள். 1858 ஜனவரிக்குப் பிறகு எல்லாம் அரசின் பொது அட்டவணையில் வந்துவிடும்.

உயில் பணக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்கவும் வேண்டாம். ஒரு பசு, ஒரு கட்டில், குத்தகை வீட்டில் மிச்சமிருக்கும் உரிமை, இவ்வளவுக்கும் உயில் எழுதியவர்கள் உண்டு. அதில் "என் மகள் இன்னாருடைய மனைவி" என்று ஒரு வரி வந்தால் போதும், இரண்டு தலைமுறை நேராகிவிடும்.

3 பிப்ரவரி

மாமியாரோடு உட்கார்ந்து பழைய சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் மனசை அறுக்கிறது. இங்கிலாந்துத் திருமணச் சான்றிதழில் 1837 முதல் இரண்டு அப்பாக்களின் பெயரும் தொழிலும் இருக்கும். அம்மாக்களின் பெயர் சேர்ந்தது 2021 மே மாதத்தில். இத்தனை கல்யாணங்களில் பெற்றவளுக்கு இடமே இல்லை.

இந்த ஊர்ப் பெண்கள் சும்மா இருந்தவர்கள் அல்ல. தரைக்கு மேலே வந்த தாதுக் கல்லைச் சுத்தியலால் உடைத்துப் பிரித்தவர்கள் இவர்கள்தான். பால் மெய்டன் என்பார்கள். கணவர் வெளிநாடு போன பிறகு வீட்டை நடத்தியதும் இவர்களே. 1871, 1881, 1891 சென்சஸ்களில் ரெட்ரூத் வட்டாரத்தைப் புரட்டினால் வீட்டுத் தலைவர் இடத்தில் பெண் பெயர், பக்கத்தில் "சுரங்கக்காரர் மனைவி, கணவர் வெளிநாட்டில்" என்று வரிசையாக வரும். நம்மூரில் துபாய்க் காசை எதிர்பார்த்து மணியார்டருக்கும் பாங்குக்கும் நடந்த வீடுகளைப் போலத்தான். ஆஸ்திரேலியாவில் மூண்டா, மெக்சிகோவில் பச்சூக்கா, கலிபோர்னியாவில் கிராஸ் வேலி, தென்னாப்பிரிக்கா, கோலார். காசு சில மாதம் வரும், சில மாதம் வராது. சிலருக்கு ஆளே திரும்பி வரவில்லை.

1911 சென்சஸில் கல்யாணமான பெண்களிடம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்று கேட்டார்கள். அந்தப் படிவங்கள் வீட்டுக்காரர்களே எழுதியபடி கிடைக்கின்றன. மாமியார் தன் பாட்டியின் கையெழுத்தை முதல் தடவையாக அதில்தான் பார்த்தார். இறந்தவர்கள் கட்டத்தில் இருந்த எண் வீட்டில் யாரும் பேசாத எண்.

கோலார் பக்கமும் இதே கதைதான், இன்னும் மோசம். ஞானஸ்நானப் பதிவில் அப்பாவுக்கு முழுப் பெயரும் தொழிலும் இருக்கும். அம்மா தமிழ்ப் பெண் என்றால் பல இடங்களில் மேரி என்றோ எலிசபெத் என்றோ ஞானஸ்நானப் பெயர் மட்டும். அவள் அப்பா யார், வட ஆற்காட்டில் எந்த ஊர், ஒன்றும் இராது. கேள்வி கேட்டவரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஜானைத் தேடும் நேரத்தில் பாதியை உங்கள் கொள்ளுப்பாட்டிக்கும் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஜானுக்குக் காகிதம் இருக்கிறது, அது காத்திருக்கும். அவளுக்கு நினைவு மட்டுமே இருக்கிறது.

10 பிப்ரவரி

திருமணப் பதிவு கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. 1896, வயது 27, அப்பா பெயர் தாமஸ். கூடவே வீட்டில் இருக்கும் புகைப்படத்தின் பின்னால் ரெட்ரூத் ஸ்டுடியோ முத்திரை.

முத்திரையை வைத்து ரெட்ரூத் பங்கு என்று முடிவு கட்டாதீர்கள். படம் எடுக்கச் சுற்று வட்டாரமே டவுனுக்கு வரும். ரெட்ரூத் பதிவு மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள்: ரெட்ரூத், கேம்போர்ன், இல்லோகன், குவென்னாப், ஸ்டிதியன்ஸ், அதில் வரும் மற்றப் பங்குகள். 1867 முதல் 1870 வரை அந்தக் குடும்பப் பெயரில் பிறந்த எல்லா ஜான்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். 1871, 1881இல் ஒவ்வொருவரும் யார் வீட்டில் இருக்கிறார், அப்பா பெயர் தாமஸா என்று பாருங்கள். தாமஸ் இல்லை என்றால் அடித்துவிடலாம். அப்பா வெளிநாட்டில் இருந்தால் சென்சஸில் பெயர் வராது, அவர்களை அவசரப்பட்டு அடிக்காமல் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். 1896க்கு முந்தைய இறப்புகளையும் மறக்க வேண்டாம்.

24 பிப்ரவரி

உங்கள் பட்டியலைப் பார்த்தேன். தாமஸ் மகன் ஜான்கள் நாலு பேர் மிஞ்சுகிறார்கள். குவென்னாப் ஜான் நாலு வயதில் இறந்திருக்கிறான். கேம்போர்ன் ஜான் 1901இலும் 1911இலும் மனைவி மக்களோடு கேம்போர்னிலேயே இருக்கிறார், 1911 படிவத்தைத் தன் கையால் நிரப்பியிருக்கிறார். உங்கள் ஜானுக்கு 1899இலும் 1902இலும் தங்கவயலில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். அந்த இணைய மரம் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கேம்போர்ன் ஜானைத்தான். பிறந்த ஆண்டு பொருந்துகிறது, ஆள் வேறு. 1560 வரை போகும் அந்தக் கிளை முழுவதும் இன்னொரு குடும்பத்துடையது.

மிச்சம் இல்லோகன், ஸ்டிதியன்ஸ். இருவருமே 1891க்கு அப்புறம் இங்கிலாந்தில் காணோம். காணோம் என்பதை மட்டும் ஆதாரமாக ஏற்க மாட்டேன். வெளிநாட்டில் இறந்தவர்களைப் பற்றி ஊர்ப் பத்திரிகைகளில் இரண்டு வரி போடுவார்கள். உங்கள் ஜானின் அடக்கப் பதிவு 1909 என்றால், அந்த ஆண்டுப் பத்திரிகைகளைப் பார்க்க வேண்டும்.

2 மார்ச்

டிஎன்ஏ சோதனை செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் ஒன்றுக்குள் ஒன்று கொண்டு கொடுத்தவை. தூரத்துப் பொருத்தம் ஒன்று வந்தால் அது எந்த வழியில் வந்தது என்று சொல்வது கடினம், இரண்டு மூன்று வழியிலும் வரலாம். இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சொல்கிறேன்: போட்டிக்கு நிற்கும் இரண்டு ஜான்களின் அம்மாக்கள் வேறு வேறு குடும்பம் என்றால் டிஎன்ஏ உதவும், அம்மா வழி உறவினர்கள் பிரிந்து தெரிவார்கள். அப்பா வழியில் இருவரும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளாகக்கூட இருக்கலாம், அங்கே அது கைகொடுக்காது.

9 மார்ச்

கிரெசன் கெர்னோவுக்குப் போனேன். பழைய மது ஆலையை மாற்றி 2019இல் திறந்த ஆவணக் காப்பகம். ட்ரூரோவில் இருந்த பழைய ஆவணங்களும் இப்போது இங்கேதான். இல்லோகன் ஜானா ஸ்டிதியன்ஸ் ஜானா என்பதற்குப் பதில் பழைய பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம் சுருளில் இருந்தது: 1909, கோலார் தங்கவயலில் இறந்தவர், இல்லோகன் தாமஸின் மகன், வயது 40. உங்கள் அடக்கப் பதிவோடு மாதமும் வயதும் சேர்கின்றன. படத்தைத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

இனி இல்லோகன் ஜானின் பிறப்புச் சான்றிதழை வாங்குங்கள், அம்மாவின் முழுப் பெயர் வரும். அதை வைத்துத் தாமஸின் திருமணச் சான்றிதழ். சாட்சிக் கையெழுத்துகளைக் கவனியுங்கள், பெரும்பாலும் கூடப்பிறந்தவர்கள் போடுவது. தாமஸின் அம்மா அந்தச் சான்றிதழில் இருக்க மாட்டார். அவருக்கு 1851 சென்சஸுக்குப் போங்கள். அந்தப் பெயரில் இல்லோகனில் ஒரே வயதில் மூன்று தாமஸ் இருப்பதை நேற்றே பார்த்துவிட்டேன். புதுத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.